காசநோய்க் கிருமியும் உடலின் எதிர்ப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"எதிர்ப்பு சக்தி குறைஞ்சதால வந்திருக்கு, நல்லா சாப்பிட்டா சரியாயிடும்." காசநோய் (டிபி) என்றதும் அக்கம்பக்கத்தில் முதலில் சொல்வது இதைத்தான். இதில் பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாததால், தொற்று உண்டா என்று தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனையின் முடிவைப் பார்த்து நடுங்குகிறார்கள், பயனில்லாத ரத்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டுகிறார்கள், அவசியமான தடுப்பு மாத்திரையைத் தள்ளிப்போடுகிறார்கள். நோயாளிகளின் வீட்டாரும் செவிலிய மாணவர்களும் அதிகம் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் டிபி. எனக்கும் வந்திருக்குமா?

கிருமி வந்திருக்கலாம். ஆனால் கிருமி வருவது வேறு, நோய் வருவது வேறு. உலக மக்களில் சுமார் கால் பங்கினருக்கு எப்போதோ இந்தக் கிருமி தொற்றியிருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இந்தியாவில் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 15 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்குத் தொற்று இருந்தது. தொற்றியவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் அது நோயாக மாறுகிறது. அப்படி மாறுவதும் பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளுக்குள். அதனால் வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியான நாளிலிருந்து 2 ஆண்டுகள் மற்றவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

கைக்குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. 1 வயதுக்குள் கிருமி தொற்றி, தடுப்பு மாத்திரையும் தராமல் விட்டால், ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்கு நோய் வருகிறது.

கிருமி உள்ளே போனதும் உடலில் முதலில் எது அதைச் சந்திக்கிறது?

நோயாளி இருமும்போது வரும் பெரிய துளிகள் ஆபத்தானவை அல்ல. அவை தரையில் விழும், அல்லது நம் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள சளியில் ஒட்டி வெளியேறிவிடும். காற்றிலேயே ஈரம் வற்றி 1 முதல் 5 மைக்ரான் அளவுக்குச் சுருங்கிய துகள்கள்தான் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகின்றன. ஒவ்வொன்றிலும் சில கிருமிகளே இருக்கும். காற்றோட்டமில்லாத அறையில் இந்தத் துகள்கள் மணிக்கணக்கில் மிதக்கும். நோயாளியின் அறையில் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

காற்றறையில் ஏற்கெனவே குடியிருக்கும் மேக்ரோபேஜ் என்ற வெள்ளை அணு கிருமியை விழுங்குகிறது. தூசி, புகை, சாதாரணக் கிருமிகள் எல்லாவற்றையும் விழுங்கி அழிப்பதே அதன் அன்றாட வேலை. சிலருக்கு இந்தக் கட்டத்திலேயே காசநோய்க் கிருமியும் அழிந்துபோகிறது. நோயாளியோடு ஒரே அறையில் பல மாதம் இருந்தும் எந்தப் பரிசோதனையிலும் தொற்று தெரியாதவர்கள் இருக்கிறார்கள்.

விழுங்கிய அணு ஏன் கிருமியைக் கொல்வதில்லை?

இந்த நோயின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது. மேக்ரோபேஜ் எதை விழுங்கினாலும் அதை ஒரு பைக்குள் அடைக்கும். பிறகு அமிலமும் செரிக்கும் நொதிகளும் நிறைந்த லைசோசோம் என்ற இன்னொரு பை வந்து அதனோடு இணையும். உள்ளே அமிலத்தன்மை கூடி பி.எச். அளவு 5-க்குக் கீழே இறங்கும், மாட்டிய கிருமி சிதைந்துவிடும். காசநோய்க் கிருமி இந்த இணைப்பைத் தடுத்துவிடுகிறது. அதன் பையில் பி.எச். 6-க்கு மேலேயே நிற்கிறது. கொல்ல வேண்டிய இடமே கிருமிக்குக் குடியிருப்பாகிவிடுகிறது.

கிருமியின் மேலுறையில் மைக்கோலிக் அமிலம் என்ற தடித்த மெழுகுப் படலம் இருக்கிறது. அதிலுள்ள கொழுப்புப் பொருட்கள் பைகள் இணைவதற்கான சமிக்ஞைகளைக் குலைக்கின்றன. இதோடு ஈசாட்-6 என்ற புரதத்தையும் கிருமி வெளியே தள்ளுகிறது. பையின் சுவரில் ஓட்டை விழுந்து, அந்த அணு செத்து வெடிப்பதற்கு இந்தப் புரதம் துணை போகிறது. வெடித்து வெளிவரும் கிருமிகளைப் பக்கத்து மேக்ரோபேஜ்கள் விழுங்க, அவற்றுக்கும் அதே கதி.

ஈசாட்-6 என்ற பெயரை நினைவில் வையுங்கள். இக்ரா என்ற ரத்தப் பரிசோதனையில் மறுபடி வரும்.

காய்ச்சல் கிருமிகளுக்கு ஒரே வாரத்தில் எதிர்ப்பு உருவாகிறது. டிபிக்கு ஏன் இவ்வளவு தாமதம்?

கிருமி மெதுவாகப் பெருகுவது முதல் காரணம். குடலில் வாழும் ஈ-கோலை 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். காசநோய்க் கிருமிக்கு 18 முதல் 24 மணி நேரம் வேண்டும். சளியை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால் முடிவு வர 6 முதல் 8 வாரம் வரை ஆவதும் இதனால்தான்.

இரண்டாவது காரணம், சேதி போய்ச் சேரும் தாமதம். நுரையீரலில் என்ன நடக்கிறது என்பதை டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்களுக்குக் காட்ட, சேதி சுமக்கும் டென்ட்ரைட்டிக் செல்கள் கிருமியின் துண்டுகளைச் சுமந்துகொண்டு மார்புக்குள் இருக்கும் நிணநீர் முடிச்சுக்குப் போக வேண்டும். இந்தப் பயணத்தையே கிருமி தாமதப்படுத்துகிறது. அங்கே பொருத்தமான டி செல்கள் தேர்வாகி, பெருகி, நுரையீரலுக்குத் திரும்ப வாரங்கள் ஆகும். மனிதர்களில் தொற்று நடந்து 2 முதல் 8 வாரம் கழித்துத்தான் மாண்டூ பாசிட்டிவ் ஆகிறது. அதுவரை கிருமி பெரிய தடையின்றிப் பெருகுகிறது.

நோயாளிக்கு நோய் உறுதியான மறுநாளே வீட்டாருக்குச் சோதனை செய்து நெகட்டிவ் வந்தால் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. 8 வாரம் கழித்து மறுபடி செய்து பார்க்க வேண்டும்.

டி செல்கள் வந்த பிறகு என்ன மாறுகிறது?

சிடி4 வகை டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கின்றன. அதைப் பெற்ற மேக்ரோபேஜ், தடைபட்டிருந்த இணைப்பை மீண்டும் நடத்தி, உள்ளே இருக்கும் கிருமிகளைக் கொல்லத் தொடங்குகிறது. டி.என்.எஃப். என்ற இன்னொரு புரதம் அணுக்களைச் சரியான இடத்துக்கு வரவழைத்து ஒன்றாகக் கட்டிவைக்கிறது. இவற்றில் ஒன்று பிசகினாலும் எல்லாம் குலையும். இன்டர்ஃபெரான் காமாவை உணரும் ஏற்பி பிறவியிலேயே பழுதாக இருக்கும் குழந்தைகளுக்கு, பிசிஜி தடுப்பூசியில் உள்ள வலுவிழந்த கிருமியே உடல் முழுக்கப் பரவி உயிரை எடுக்கும் அளவுக்குப் போகிறது. பிசிஜி போட்ட பிறகு பல இடங்களில் நெறிகட்டி நீண்ட நாள் காய்ச்சலோடு இருக்கும் குழந்தைக்கு இந்தக் குறைபாடு உண்டா என்று பார்ப்பது அதற்காகத்தான்.

ரிப்போர்ட்டில் "கிரானுலோமா" என்று போட்டிருக்கிறது. புற்றுநோயா?

இல்லை. கிருமியைச் சுற்றி உடல் கட்டும் அணுக்களின் திரட்சிதான் கிரானுலோமா. நடுவில் கிருமி புகுந்த மேக்ரோபேஜ்கள், அவற்றில் பல ஒன்றோடொன்று இணைந்து உருவான பெரிய அணுக்கள், சுற்றிலும் டி செல்கள், வெளியே நார்த்திசு. நடுப்பகுதி செத்து, பாலாடைக்கட்டி மாதிரி வெளுத்த, உதிரும் பொருளாகிவிடும். நெறிகட்டியில் ஊசி போட்டு எடுத்த திசுவில் இந்த உதிரும் பகுதியும் இருந்தால் மருத்துவர் டிபி என்று பலமாகச் சந்தேகிப்பார். ஆனால் கிரானுலோமா வேறு நோய்களிலும் வரும், சார்காய்டோசிஸில் வருவது போல. ஆகவே அதே திசுவை, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் சோதனைக்கும் அனுப்ப வேண்டும். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: எடுத்த திசு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிடுகிறார்கள். ஃபார்மலினில் கிருமி செத்துவிடும், வளர்ப்புச் சோதனைக்கு அது உதவாது. ஒரு பகுதியைச் சலைன் திரவத்தில் தனியாக வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கிரானுலோமா கிருமியைப் பரவவிடாமல் வைப்பது உண்மை. அதே கிரானுலோமா, ஆரம்ப நாட்களில் புதுப்புது மேக்ரோபேஜ்களை வரவழைத்துக் கிருமிக்குத் தங்க இடம் தருவதும் வரிக்குதிரை மீன்களில் நடந்த ஆய்வுகளில் தெரிய வந்திருக்கிறது. ஒரே ஆளின் நுரையீரலில் ஒரு கிரானுலோமா கிருமியே இல்லாமல் ஆறி, சுண்ணாம்பேறி, எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளியாகக் கிடக்கும். இன்னொன்று அதே சமயம் சிதைந்துகொண்டிருக்கும்.

உறங்கும் தொற்று என்றால் கிருமி செத்துவிட்டதா?

சிலருக்குச் செத்திருக்கலாம். சிலருக்கு நீறு பூத்த நெருப்பாக இருக்கும். ஆக்சிஜன் குறைந்த அந்த நடுப்பகுதியில் கிருமி தன் வளர்சிதை வேகத்தைக் குறைத்துக்கொண்டு, நம் உடலின் கொழுப்பையே தின்று பல ஆண்டு காலம் தள்ள வல்லது. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரே சுத்தம், பிறருக்குப் பரவாது. கிருமி உயிரோடு இருக்கிறதா என்று காட்டும் சோதனை இன்று கையில் இல்லை. மாண்டூவும் இக்ராவும் டி செல்களின் நினைவைத்தான் அளக்கின்றன.

இருமலில் ரத்தம், எடை இழப்பு, மாலைக் காய்ச்சல். இவையெல்லாம் கிருமியின் வேலையா?

பெரும்பகுதி நம் உடலின் வேலை. இந்தக் கிருமிக்கு டிப்தீரியா, டெட்டனஸ் கிருமிகளுக்கு இருப்பது போன்ற கொடிய நஞ்சு கிடையாது. சேதம் எல்லாம் எதிர்ப்பின் வழியாக வருகிறது. மாலையில் ஏறும் காய்ச்சலும் இரவு வியர்வையும் டி.என்.எஃப். போன்ற புரதங்கள் ரத்தத்தில் சுற்றுவதால் வருபவை. டி.என்.எஃப்.-க்கு முன்பு ஒரு ஆய்வுக் குழு இட்ட பெயர் "கேக்கெக்டின்", அதாவது உடலை உருக்குவது. பசி மந்தித்து தசை கரைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நுரையீரலில் குழி விழுவதும் அப்படித்தான். மேக்ரோபேஜ்களும் நியூட்ரோஃபில்கள் என்ற வேறு வகை வெள்ளை அணுக்களும் விடும் நொதிகள் நுரையீரலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் நார்களை அரிக்கின்றன. கிரானுலோமாவின் நடுப்பகுதி இளகி, மூச்சுக்குழாய்க்குள் திறந்துகொள்கிறது. இப்போது அந்தக் குழிக்குள் ஆக்சிஜன் தாராளமாக வரும். கிருமி கோடிக்கணக்கில் பெருகும், ஒவ்வொரு இருமலிலும் வெளியே போகும். குழியின் ஓரத்தில் அரிபட்ட ரத்தக் குழாய் உடைந்தால் ரத்த இருமல். எதிர்ப்பு ஓரளவு நன்றாக இருப்பவர்களின் நுரையீரலில்தான் இந்தக் குழிகள் அதிகம். எச்.ஐ.வி. முற்றியவர்களுக்குக் குழி அரிது, அதனால் சளியில் கிருமியும் குறைவாகத் தெரியும்.

அப்படியானால் எதிர்ப்பு அதிகமாவதும் ஆபத்தா?

ஆம். இதற்குப் பழைய சான்று 1890-ல் கிடைத்தது. காசநோய்க் கிருமியை 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் உலகுக்கு அறிவித்த ராபர்ட் கோக், 8 ஆண்டு கழித்து டியூபர்குலின் என்ற கிருமிச் சாறை மருந்தாக முன்வைத்தார். ஊசி போட்ட நோயாளிகள் பலருக்குக் கடுங்காய்ச்சல் வந்தது, நோய்ப் பகுதிகள் வீங்கிச் சிதைந்தன, சிலர் இறந்தார்கள். எதிர்ப்பைத் தூண்டிவிட்டதன் விளைவு அது. அதே டியூபர்குலின், சுத்திகரித்த வடிவில் மிகச் சிறிய அளவாக, இன்று மாண்டூ ஊசியில் இருக்கிறது.

இன்றைய சான்று, மூளை உறைக் காசநோய். மண்டை ஓட்டுக்குள் வீக்கத்துக்கு இடமில்லை. காசநோய் மருந்தோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்தால் இறப்பு குறைகிறது என்று 2004-ல் வெளியான வியட்நாம் ஆய்வு காட்டியது. எதிர்ப்பை அடக்கும் மருந்து உயிரைக் காக்கிறது! மருத்துவர் எழுதாமல் யாரும் ஸ்டீராய்டு போட்டுக்கொள்ளக் கூடாது. ஆனால் மூளைக் காசநோய்க்கு அவர் எழுதியதை "எதிர்ப்பு சக்தியைக் குறைச்சிடும்" என்று பயந்து நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

மாண்டூ ஊசி எப்படிப் போடுவது, எப்படிப் பார்ப்பது?

தவறு அதிகம் நடப்பது இதில்தான் என்பதால் விரிவாகவே சொல்கிறோம். முன்கையின் உட்புறத்தில், தோலுக்குள், 0.1 மில்லி. ஊசியின் திறந்த முனை மேலே பார்க்க வேண்டும். மருந்து ஏறியதும் 6 முதல் 10 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெளுத்த சிறு கொப்புளம் எழும்ப வேண்டும். எழும்பவில்லை என்றால் ஊசி தோலைத் தாண்டி ஆழமாகப் போயிருக்கிறது. சில சென்டிமீட்டர் தள்ளி மறுபடி போட வேண்டும். தேய்க்கக் கூடாது, மேலே பிளாஸ்திரி ஒட்டக் கூடாது.

48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். சிவப்பை அளக்கக் கூடாது, தடிப்பைத்தான் அளக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் தடிப்பின் ஓரம் தெரியும். பால்பாயின்ட் பேனாவை வெளியிலிருந்து தடிப்பை நோக்கி இழுத்தால், ஓரம் வந்ததும் முனை தடைபட்டு நிற்கும். இரு பக்கமும் அப்படிக் குறித்து, கையின் குறுக்குவாட்டில் ஸ்கேலை வைத்து அளந்து மில்லிமீட்டரில் எழுத வேண்டும். "பாசிட்டிவ்" என்று மட்டும் எழுதினால் அடுத்து பார்க்கும் மருத்துவருக்கு எதுவும் புரியாது. பொதுவாக 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பாசிட்டிவ். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 5 மில்லிமீட்டரே போதும்.

தடிப்பு என்பது நினைவுள்ள டி செல்கள் அந்த இடத்தில் வந்து கூடியதன் அடையாளம். அவை வந்து சேர 2 நாள் ஆவதால்தான் அத்தனை நேரம் காத்திருக்கிறோம். பிசிஜி போட்டவர்களுக்கும், மண்ணிலும் நீரிலும் உள்ள வேறு மைக்கோபாக்டீரியாக்கள் (காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்தவை) தொற்றியவர்களுக்கும் பொய்யாகப் பாசிட்டிவ் வரலாம். கடும் மெலிவு, எச்.ஐ.வி., அண்மையில் வந்த தட்டம்மை, ஸ்டீராய்டு, உடல் முழுக்கப் பரவிய டிபி ஆகியவற்றில் பொய்யாக நெகட்டிவ் வரலாம். நோய் மிக மோசமாக இருக்கும்போதே மாண்டூ பூஜ்யமாக இருக்கக்கூடும். நெகட்டிவ் என்பதால் டிபி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

இக்ரா ரத்தப் பரிசோதனை இதைவிட மேலா?

பிசிஜியால் ஏமாறாது என்பது அதன் பலம். ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்ற இரண்டு புரதங்களைக் கொண்டு டி செல்களைத் தூண்டுகிறார்கள். பிசிஜி கிருமியில் இவற்றுக்கான மரபணுப் பகுதியே இல்லை. குவான்டிஃபெரான் பிளஸ் முறையில் 4 குழாய்களில் 1 மில்லி வீதம் ரத்தம் எடுத்து, குழாயின் உட்சுவர் முழுக்க ரத்தம் படும்படி 10 முறை குலுக்கி, 16 மணி நேரத்துக்குள் 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்து, 16 முதல் 24 மணி நேரம் கழித்து இன்டர்ஃபெரான் காமாவை அளக்கிறார்கள். வரம்பு மில்லிக்கு 0.35 யூனிட். அதை ஒட்டி வரும் எண்கள் மறுபடி செய்தால் மாறிப்போவது சகஜம். "இன்டிடெர்மினேட்" என்று வந்தால் பெரும்பாலும் காரணம், எந்தத் தூண்டலுக்கும் விடை தராத பலவீனமான டி செல்கள், அல்லது தாமதமாக ஆய்வகம் போய்ச் சேர்ந்த ரத்தம்.

இதே இரண்டு புரதங்களைத் தோலில் போடும் சைடிபி ஊசியும் இப்போது இந்தியாவில் இருக்கிறது. அதில் 5 மில்லிமீட்டர் தடிப்பே பாசிட்டிவ்.

மாண்டூ, இக்ரா, சைடிபி எதுவும் உறங்கும் தொற்றையும் நடப்பு நோயையும் பிரித்துக் காட்டாது. சிகிச்சை முடிந்து குணமானவருக்கும் இக்ரா பல ஆண்டு பாசிட்டிவாகவே இருக்கலாம். குணமானதா என்று பார்க்க இதைச் செய்வது வீண் செலவு.

ரத்தத்தில் டிபி ஆன்டிபாடி பார்க்கலாமா?

வேண்டாம். கிருமி அணுக்களுக்குள் ஒளிந்திருப்பதால் இந்த நோயில் ஆன்டிபாடியை வைத்து எதையும் நம்பகமாகச் சொல்ல முடியாது. 2011-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தச் சோதனைகள் கூடாது என்றது, 2012-ல் இந்திய அரசு தடை செய்தது.

பிசிஜி போட்டும் டிபி வருகிறதே?

கால்மெட், கெரான் இருவரும் பிரான்சின் லீல் நகரில் மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 ஆண்டுகள், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து வலுவிழக்கச் செய்து உருவாக்கியது பிசிஜி. 1921-ல் முதன்முதலாகக் குழந்தைக்குக் கொடுத்தார்கள். சிறு குழந்தைகளுக்கு வரும் மூளை உறைக் காசநோயையும் உடல் முழுக்கப் பரவும் காசநோயையும் அது நன்றாகத் தடுக்கிறது. அதற்காகவே பிறந்தவுடன் இடது மேற்கையில் போடுகிறோம்.

பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு என்ன பயன் என்பதை உலகிலேயே பெரிய அளவில் சோதித்த இடம் நம் செங்கல்பட்டு மாவட்டம். 1968 முதல் 1971 வரை 209 கிராமங்களிலும் 9 ஊர்களிலும் 2.8 லட்சம் பேருக்கு மேல் பிசிஜியோ வெற்று ஊசியோ போட்டு 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். பெரியவர்களுக்குப் பாதுகாப்பே கிடைக்கவில்லை. பிரிட்டனில் நல்ல பலன் தந்த ஊசி இங்கே ஏன் தோற்றது என்பதற்கு வலுவான விளக்கம், நம் மண்ணிலும் நீரிலும் நிறைந்த பிற மைக்கோபாக்டீரியாக்கள். அவற்றால் முன்பே பழகிப்போன எதிர்ப்பில் பிசிஜி கூடுதலாக எதையும் சேர்க்க முடியவில்லை.

கையில் தழும்பு இல்லையென்றால் மறுபடி போடத் தேவையில்லை.

எச்.ஐ.வி. இருந்தால்?

எச்.ஐ.வி. அழிப்பது சிடி4 டி செல்களை. மேலே சொன்ன ஏற்பாடு முழுவதும் நிற்பதும் அவற்றின் மேல்தான். மருந்து எடுக்காத எச்.ஐ.வி. நோயாளிக்குத் தொற்று இருந்தால், மற்றவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் சேர்ந்து இருக்கும் அபாயம் அவருக்கு ஏறத்தாழ ஒவ்வொரு ஆண்டும் வருகிறது. கிரானுலோமா சரியாகக் கட்டப்படாததால் எக்ஸ்ரே சுத்தமாகவே தெரியலாம், சளியில் கிருமி தென்படாமல் போகலாம்.

எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல் திரும்பி, நெறிகட்டி பெரிதாகலாம். டி செல்கள் மீண்டு வந்து, மிச்சமிருக்கும் கிருமிப் பொருள் மேல் பாய்வதால் வருவது இது. மாத்திரையை நிறுத்தாமல் சிகிச்சை மையத்துக்கு வாருங்கள்.

சர்க்கரை, சிகரெட், கல்குவாரி வேலை?

சர்க்கரை நோய் அபாயத்தை ஏறத்தாழ 3 மடங்காக்குகிறது, புகைப்பழக்கம் சுமார் 2 மடங்காக்குகிறது. இரண்டிலும் மேக்ரோபேஜ்களின் வேலை கெடுகிறது. கல் அரவையிலும் குவாரியிலும் பறக்கும் சிலிக்கா தூள் மேக்ரோபேஜ்களை நேராகக் கொல்கிறது. டிபி உறுதியான ஒவ்வொருவருக்கும் சர்க்கரையும் எச்.ஐ.வி.யும் பார்ப்பது இந்தியாவில் கட்டாய நடைமுறை. பார்க்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

மூட்டுவாதத்துக்கு ஊசி ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். டிபி பார்க்கச் சொல்வது ஏன்?

இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் போன்றவை டி.என்.எஃப்.-ஐ முடக்குபவை. மூட்டைக் கெடுப்பதும் டி.என்.எஃப்.தான், கிரானுலோமாவைக் கட்டிவைப்பதும் டி.என்.எஃப்.தான். ஊசி தொடங்கிய சில மாதங்களில் உறங்கிய தொற்று விழித்த நோயாளிகள் பற்றி 2001-லேயே எச்சரிக்கை வந்துவிட்டது. அதனால் ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரேயும் மாண்டூ அல்லது இக்ராவும் செய்ய வேண்டும். தொற்று இருந்தால், குறைந்தது 1 மாதமாவது தடுப்பு மாத்திரை சாப்பிட்ட பிறகே ஊசி. தினமும் 15 மில்லிகிராமும் அதற்கு மேலும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை மாதக்கணக்கில் எடுப்பவர்களுக்கும் இந்தச் சோதனை வேண்டும்.

உணவு உண்மையில் எவ்வளவு மாற்றுகிறது?

நிறைய. பட்டினி கிடந்த உடலில் டி செல்கள் குறைகின்றன, இருப்பவையும் சரியாகச் சுரப்பதில்லை. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் நடந்த ரேஷன்ஸ் ஆய்வில், நோயாளி வீட்டாருக்கு மாதம் ஒருவருக்கு 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த குடும்பங்களில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும்! சிகிச்சையின் முதல் 2 மாதத்தில் 5 சதவீதம் எடை ஏறிய நோயாளிகளிடையே இறப்பும் வெகுவாகக் குறைந்தது. 40 கிலோ உள்ளவருக்கு அது 2 கிலோ. ஆகவே ஒவ்வொரு முறை மாத்திரை வாங்கும்போதும் எடை பார்த்து அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லா திட்டத்தில், நோய் உறுதியானவுடன் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள்: கடும் மெலிவு, மூச்சுத்திணறல், துணையின்றி நிற்க முடியாமை. உடல் நிறை குறியீடு 14-ம் அதற்குக் கீழும், அல்லது நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சு, அல்லது ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழ் என்றால் உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். நோயாளியின் உணவுக்காக அரசு தரும் நிக்ஷய் போஷன் திட்டத்தின் உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். வங்கிக் கணக்கு எண் பதிவாகவில்லை என்றால் வராது, முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

இம்யூனிட்டி பூஸ்டர், வைட்டமின் டி?

மேக்ரோபேஜ் கிருமியைக் கொல்லும் ஒரு வழிக்கு வைட்டமின் டி தேவை என்பது ஆய்வகத்தில் தெரிந்த உண்மை. ஆனால் மங்கோலியாவில் பள்ளிக் குழந்தைகளுக்கு 3 ஆண்டுகள் கொடுத்துப் பார்த்ததில் தொற்று குறையவில்லை. "பூஸ்டர்" என்று விற்கும் பொடிகளுக்குக் கொடுக்கும் பணத்தில் முட்டையும் பருப்பும் கடலையும் வாங்குங்கள். சில பொடிகள் கல்லீரலைப் பாதிக்கும். காசநோய் மாத்திரைகளும் கல்லீரலைச் சோதிப்பவைதான், இரண்டும் சேர்ந்தால் மஞ்சள் காமாலை வரக்கூடும்.

தடுப்பு மாத்திரை யாருக்கு?

நுரையீரல் டிபி நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், டி.என்.எஃப். தடுப்பு ஊசி, டயாலிசிஸ், உறுப்பு மாற்று, சிலிக்கோசிஸ் (சிலிக்கா தூளால் வரும் நுரையீரல் நோய்) உள்ளவர்கள். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மாண்டூ கூடத் தேவையில்லை, நோய் இல்லை என்று உறுதி செய்துவிட்டு உடனே தொடங்கலாம். ஐசோனியாசிட் தினமும் 6 மாதம், அல்லது ஐசோனியாசிட்டும் ரிஃபாபென்டினும் வாரம் ஒரு முறை 12 வாரம்.

நோய் இல்லை என்று உறுதி செய்யாமல் தொடங்கவே கூடாது. நடப்பு நோய்க்கு ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமிக்கு மருந்து எதிர்ப்பைக் கற்றுக் கொடுத்ததாகிவிடும். கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, சிறுநீர் டீ நிறத்தில் போனாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கால் மரத்துப்போவதைத் தடுக்க பைரிடாக்சின் சேர்த்துத் தருவார்கள்.

எதிர்ப்பு நன்றாக இருந்தால் மருந்தில்லாமல் குணமாகாதா?

1961 முதல் 1968 வரை பெங்களூரைச் சுற்றிய கிராமங்களில் மருந்து கிடைக்காத நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த ஆவணம் இருக்கிறது. 5 ஆண்டு முடிவில் ஏறத்தாழ பாதிப் பேர் இறந்திருந்தார்கள். மூன்றில் ஒரு பங்கினருக்குத் தானாகவே ஆறியிருந்தது. மிச்சப் பேர் சளியில் கிருமியோடு நடமாடிக்கொண்டிருந்தார்கள். யார் எந்தக் கூட்டத்தில் சேர்வார் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

மருந்து 6 மாதம் ஆவதும் இதோடு தொடர்புள்ளதுதான். வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் சில வாரங்களிலேயே செத்துவிடுகின்றன, அதனால்தான் இருமலும் காய்ச்சலும் சீக்கிரம் அடங்குகின்றன. செத்த திசுவுக்குள் மந்தமாகக் கிடப்பவை எஞ்சுகின்றன. ரத்தக் குழாய் இல்லாத அந்த இடத்துக்கு மருந்தும் டி செல்லும் எளிதில் போக முடியாது. ரிஃபாம்பிசினும் பைரசினமைடும் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்க்கின்றன. 2-வது மாதத்தில் உடம்பு தேறியதும் நிறுத்துபவர்களுக்கு நோய் திரும்புவது இந்த மிச்சத்திலிருந்து.

சிகிச்சை நடக்கும்போதே கழுத்து நெறிகட்டி பெரிதாகிறது. மருந்து வேலை செய்யவில்லையா?

பெரும்பாலும் அப்படி இல்லை. செத்துச் சிதறும் கிருமிகளின் துண்டுகள் எதிர்ப்பைத் தூண்டுவதால் வீங்கலாம், உடைந்து சீழும் வரலாம். எடை ஏறிக்கொண்டிருக்கிறதா, காய்ச்சல் இல்லையா என்று பாருங்கள். இருந்தாலும் சீழை எடுத்து மருந்து எதிர்ப்புச் சோதனைக்கு அனுப்பி, மருந்துக்கு அடங்காத கிருமி இல்லை என்று உறுதி செய்துகொள்வதே முறை.

ஒருமுறை குணமானால் மறுபடி வராதா?

வரலாம். அம்மை போல ஆயுள் முழுக்கக் காக்கும் எதிர்ப்பு இதில் கிடைப்பதில்லை. பழைய மிச்சத்திலிருந்தும் வரும், புதிதாகத் தொற்றியும் வரும். சிகிச்சை முடிந்த பிறகு 6 மாதத்துக்கு ஒரு முறை என 2 ஆண்டுகள் பரிசோதனைக்கு வரச் சொல்வது அதற்காக.

புதிய தடுப்பூசி வருகிறதா?

எம்72 என்ற தடுப்பூசி, ஏற்கெனவே தொற்று உள்ள பெரியவர்களில் நோயாக மாறுவதை 3 ஆண்டுகளில் சுமார் 50 சதவீதம் குறைத்ததாக இரண்டாம் கட்ட ஆய்வில் தெரிந்தது. மூன்றாம் கட்ட ஆய்வு 2024-ல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. அது முடிந்து பயனுக்கு வரும்வரை, வீட்டில் நோயாளி இருப்பவர்களுக்குக் கையில் உள்ள தடுப்பு, மேலே சொன்ன தடுப்பு மாத்திரைதான். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணம் இல்லாமல் கிடைக்கும்.